பிரையாவில் விழுந்த மூன்று கோல்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. ஆப்பிரிக்காவின் தீவு நாடான கேப் வெர்டே 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதை அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தாய். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேமரூன், அங்கோலா, லிபியா ஆகியவை இருந்த பிரிவில், கேமரூனைத் தன் சொந்த மண்ணில் வீழ்த்தி முதலிடம் பிடித்த அணி அது.

2025 அக்டோபர் 13 அன்று தலைநகர் பிரையாவில், அதே பிரிவிலிருந்த எஸ்வாத்தினி நாட்டுடன் நடந்த கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள். இடைவேளை வரை கோல் விழவில்லை. அதன்பின் டைலோன் லிவ்ரமென்டோவும் வில்லி செமெடோவும் அடுத்தடுத்து அடித்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 37 வயது ஸ்டோபிரா மூன்றாவதை அடித்தார். லிவ்ரமென்டோ பிறந்தது ரோட்டர்டாமில், செமெடோ பிரான்சில், ஸ்டோபிராவோ பிரையாவிலேயே. அந்த நாட்டின் வரலாறே அந்த மூன்று கோல்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

செனகலுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள பத்துத் தீவுகள். மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். வறட்சியும் பஞ்சமும் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கப்பலேற்றிவிட்ட மண் அது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத்தான் அணியைக் கட்டினார்கள். டப்ளினில் பிறந்த தடுப்பாட்டக்காரர் ராபர்ட்டோ லோபஸுக்கு அன்றைய பயிற்சியாளர் லிங்க்டுஇன் என்ற வேலைத் தொடர்பு இணையதளம் வழியாகப் போர்த்துகீசிய மொழியில் செய்தி அனுப்பியிருக்கிறார். வேண்டாத விளம்பரம் என்றெண்ணி லோபஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. பல மாதங்கள் கழித்து அந்தப் பயிற்சியாளர் மீண்டும் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான், தந்தையின் நாட்டுக்கு ஆட அவர் சம்மதித்தார். இத்தனை பொறுமையுடன் ஆள் சேர்த்த அணியின் வெற்றியை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் அவர்களுக்கு வாய்த்தது துரதிர்ஷ்டம்தான். 2013 செப்டம்பரில் துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 என்று வென்றும், தடையிலிருந்த ஒரு வீரரை ஆட வைத்ததற்காக உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அந்த வெற்றியைப் பறித்து, 3-0 என்று துனிசியாவுக்கு வழங்கிவிட்டது. 2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தை எட்டியிருந்த வாய்ப்பு அந்த ஒரு தவறால் போனது. விதிப்படி அது சரியே. ஆனாலும் இன்றுவரை மனம் ஆறவில்லை.

2026 உலகக் கோப்பையில் ஸ்பெயின், உருகுவே, சவூதி அரேபியா ஆகியவற்றோடு ஒரே பிரிவில் இருக்கிறார்கள். பயிற்சியாளர் புபிஸ்டா ஸ்பெயினுக்கு எதிராகத் தற்காப்பாக ஆடினாலும், சவூதியை வெல்லப் பார்ப்பார் என்பது என் கணிப்பு. உன் கணிப்பை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்