டிக்கெட்டை மாற்றிவிடம்மா

அன்புள்ள மகளுக்கு,

செந்தூலிலிருந்து அப்பா எழுதுவது. போனில் பேசலாம் என்றால் நீ அழுகிறாய், நீ அழுதால் அம்மாவும் ஆரம்பித்துவிடுகிறாள், பேச வந்த விஷயம் அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம்.

கிள்ளானில் நீ ஏற்பாடு செய்த அந்தச் சாமியிடம் நான் இனிப் போவதாக இல்லை. உன் மனதுக்காக ஒரு தடவை போனேன். அவர் என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. கொண்டுபோன ஸ்கேன் உறையைப் பிரிக்கக்கூட இல்லை. ராசி நட்சத்திரம் கேட்டார், ஒரு தாயத்தும் பொடி டப்பாக்களும் எடுத்து வைத்தார். 48 நாள் சாப்பிட வேண்டுமாம், அதுவரை ஆஸ்பத்திரி மருந்தைத் தொடவே கூடாதாம். அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். நீ அனுப்பிய மூவாயிரம் ரிங்கிட்டை அம்மா இன்னும் கொடுக்கவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது.

எனக்கு வந்திருப்பது கணையப் புற்றுநோய். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு அது, ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. கண் மஞ்சளாகி, சட்டை தொளதொளவென்று ஆன பிறகுதான் நாம் போனோம். அதற்குள் ஈரலுக்குப் பரவிவிட்டது. இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கீமோ கொடுத்தால் சில மாதம் நீளலாம், என் உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்றார்கள். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றேன். அம்மாவும் தம்பியும் அப்போது பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"பெராப்பா லாமா லாகி, டாக்டர்?", இன்னும் எவ்வளவு காலம் என்று, நானேதான் கேட்டேன். சின்ன வயது மலாய்க்காரப் பெண். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டு, "வருஷக்கணக்கு இல்லை அங்கிள், மாதக்கணக்கு" என்றாள். எனக்கு அவள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. கிள்ளான் பொடியைப் பற்றியும் கேட்டேன். ஈரல் ஏற்கெனவே தடுமாறுகிறது, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் சாப்பிடாதீர்கள் என்றாள்.

உன் மாமியார் போன் செய்து அப்பர் கதையைச் சொன்னார். சூலை என்னும் வயிற்று நோயில் துடித்தவருக்கு அவர் அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்தார், திருவதிகையில் பாடினார், நோய் தீர்ந்தது. நான் சின்ன வயதிலிருந்து கேட்டு உருகிய கதைதான். ஆனால் அதே அப்பர்தான் 81 வயதில் திருப்புகலூரில் இறைவன் திருவடி சேர்ந்தார் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பாதியை ஏனோ யாரும் போனில் சொல்வதில்லை.

எனக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டதோ என்று நினைக்காதே. இன்றைக்கும் காலையில் திருநீறு இல்லாமல் கோப்பி குடிப்பதில்லை. ரயில்வே பட்டறையில் ஆயுத பூஜை அன்று சக்கரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம், சூடம் காட்டுவோம். சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது நல்ல சக்கரம் கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். பொட்டு வைத்த சக்கரம் என்பதற்காக விரிசலோடு எதையும் நாங்கள் ஓடவிட்டதில்லை. முருகனும் அப்படிக் கேட்கிற சாமி இல்லை.

வலி இப்போது அடங்கியிருக்கிறது. கடைசிக் கட்ட நோயாளிகளைக் கவனிக்கிற ஹோஸ்பிஸ் மலேசியாவிலிருந்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். 1991-லிருந்து இதைச் செய்கிறார்கள், காசு வாங்குவதில்லை. மார்ஃபின் தண்ணீர் மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரே கசப்பு. அது ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று எதிர்வீட்டில் பயமுறுத்தினார்கள். நர்ஸிடம் கேட்டோம். வலிக்குத் தக்க அளவில் கொடுத்தால் அப்படியெல்லாம் இல்லை, மலச்சிக்கல்தான் தொல்லை, அதற்கும் சேர்த்து மருந்து தருகிறேன் என்றார். முந்தாநாள் ராத்திரி விடிய விடியத் தூங்கினேன். அம்மா பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்தாளாம்.

எனக்குக் குணமானால் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறாய் என்று தம்பி சொன்னான். எடு. ஆனால் அந்தக் 'குணமானால்' என்பதை எடுத்துவிட்டு வேண்டிக்கொள். 272 படியும் ஏறு. தீட்டு, அது இது என்று யாராவது சொன்னால் அதற்கடுத்த வருஷம் ஏறு, முருகன் எங்கேயும் போய்விட மாட்டார்.

எனக்கு உன்மேல் கோபமில்லை. மெல்பர்னில் தனியாக உட்கார்ந்து வேறு என்னதான் செய்வாய்? ஆனால் நீ போனில் "சரியாயிடும்ப்பா" என்று சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. வீட்டுப் பத்திரம், அந்த கிராண்ட், எங்கே இருக்கிறது, தம்பி வாங்கிய கடன் எவ்வளவு, அம்மாவை உன்னோடு கூப்பிட்டுக்கொள்வாயா, அவள்தான் வருவாளா? அப்புறம், உன் தாத்தா எந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்பதைப் பேரனிடம் நானே சொல்ல வேண்டும். நீ தலைகீழாகச் சொல்வாய்.

தைப்பூசத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய். அதற்கு இன்னும் ஐந்தாறு மாதம் கிடக்கிறது. தீபாவளி வரைகூடப் பார்க்காதே, இந்த மாதமே மாற்றிவிடு. பையனுக்குப் பள்ளிக்கூடம் போனால் போகட்டும். தேதி மாற்ற விமானக்காரன் காசு கேட்பான், அந்த மூவாயிரத்தை நாளைக்கே தம்பியை உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா