ட்ரவுட் பிடிக்கத் தாங்ஸ்கிவிங் வரை பொறுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அண்ணன் தம்பி இருவராக ஒன்ராறியோவின் அல்கொங்குவின் பூங்காவுக்குக் கனூ (துடுப்புப் படகு) எடுத்துப் போய், ஏரிக்கரையில் தங்கி மீன் பிடிப்பது பற்றிச் சென்ற வார இதழில் வந்த கட்டுரை, இலைகளின் நிறத்தை அழகாகச் சொன்னது. ஆனால் தாங்ஸ்கிவிங் விடுமுறையில் போனால் ட்ரவுட்டும் அகப்படும் என்று எழுதியிருந்ததைத் திருத்த வேண்டும். அங்கே லேக் ட்ரவுட், புரூக் ட்ரவுட் இரண்டுக்கும் செப்டம்பர் 30 கடைசி நாள். கனடாவில் தாங்ஸ்கிவிங் வருவதோ அக்டோபர் இரண்டாம் திங்கள். பிடித்தாலும் விட்டுவிடுவோம் என்ற சமாதானம் செல்லாது; மூடிய காலத்தில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம்.

காரணம் எளிது. லேக் ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கோடையில் மேல்நீர் சூடேறியதும் அது ஆழத்துக்கு இறங்கிவிடும். கனூவில் இருந்து எட்டுவது கடினம். செப்டம்பர் நடுவில் மேல்நீர் ஆறத் தொடங்க, மீன் மேலே ஏறி வரும். அக்டோபரில் கரையோரக் கற்பாறைத் திட்டுகளில் முட்டையிடக் கூட்டமாக நிற்கும். அந்த நேரத்தில் யாரும் பிடித்துவிடலாம் என்பதால்தான் தடை. ஆகவே போக வேண்டியது செப்டம்பர் கடைசி வாரம். மீன் மேலே இருக்கும், மேப்பிள் சிவந்திருக்கும், நுளம்பும் கறுப்பு ஈயும் ஓய்ந்திருக்கும். அக்டோபரில்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு பாஸ் மீன் திறந்தே இருக்கும். ஆனால் நீர் குளிரக் குளிர அது மந்தமாகிவிடும்.

தூண்டிலுக்கு 8 இறாத்தல் தாங்கும் நரம்பும், 7 முதல் 10 கிராம் எடையுள்ள வெள்ளி அல்லது செப்பு நிற ஸ்பூனும் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) போதும். 30 மீற்றர் நரம்பை விட்டு, நடக்கும் வேகத்தைவிட மெதுவாகத் துடுப்புப் போடுங்கள். ஸ்பூன் ஆடி ஆடி வர வேண்டும். சுழன்றால் வேகம் கூடிவிட்டது, நரம்பு முறுக்கேறும். ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். உயிருள்ள சிறு மீனை இரையாகப் பூங்காவுக்குள் கொண்டுபோகவே கூடாது. தப்பிய ஒரு சில மீன்கள் ஒரு ட்ரவுட் ஏரியையே மாற்றிவிடும். மீன் கொழுவியதும் இருவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பதுதான் கனூ கவிழ்வதற்கு வழக்கமான காரணம். முன்னால் இருப்பவர் மீனை இழுக்கட்டும், பின்னால் இருப்பவர் அசையாமல் துடுப்பைத் தண்ணீரில் தட்டையாக அழுத்திப் பிடிக்கட்டும்.

கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. லைஃப் ஜக்கெற்றைக் கனூவில் வைத்திருந்தால் போதும் என்று மட்டும் இருந்தது. சட்டம் கேட்பது அவ்வளவுதான். குளிர்நீர் அதோடு விடாது. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரின் பாதிப்பை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, தன்னை அறியாமல் இழுத்து வாங்கும். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். அடுத்த 10 நிமிடம்தான் கையும் விரலும் வேலை செய்யும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். விறைத்த விரலால், மிதந்துபோகும் ஜக்கெற்றை எட்டிப் பிடித்துக் கொழுக்கி மாட்ட முடியாது. ஆகவே கரையிலேயே போட்டு இறுக்கிவிட்டு ஏறுங்கள். தீப்பெட்டியும் விசிலும் அதன் பைக்குள் இருக்கட்டும்; மூட்டையில் இருந்தால் அவை கனூவோடு போய்விடும்.

காற்று இன்னொன்று. இலையுதிர்காலத்தில் மழை ஓய்ந்து வானம் வெளித்தவுடன் வடமேற்குக் காற்று எழும்பும். ஒப்பியோங்கோ போன்ற பெரிய ஏரியில் மதியத்துக்குள் வெள்ளலை வந்துவிடும். விடிந்ததும் புறப்பட்டு, பின்னேரம் 4 மணிக்குள் கூடாரம் போட்டுவிட வேண்டும். 7 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். எதிர்க்காற்றில் அணியம் (கனூவின் முன்பக்கம்) இலேசாக இருந்தால் காற்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மூட்டையை முன்னே நகர்த்திவிட்டு, இருவரும் முழங்காலில் இருந்து வலியுங்கள்.

முதன்முறை போகிறவர்களுக்கு ஒப்பியோங்கோ வேண்டாம். நெடுஞ்சாலை 60இல் இருக்கும் கனூ லேக்கில் இறங்கி, 295 மீற்றர் சுமந்து ஜோ லேக்குக்குப் போகலாம். அங்கிருந்து டீப்பி லேக் தாண்டியும் சுமை தூக்காமல் போகலாம். ஆனால் அந்த 295 மீற்றரில் எல்லாப் பொருளையும் ஒரே நடையில் சுமக்க முடியாது. இரு நடை சுமந்தால் 295 அல்ல, திரும்பி வருவதையும் சேர்த்து 885 மீற்றர் நடக்கிறீர்கள். அலுமினியக் கனூ 70 இறாத்தல் அளவு வரும், கெவ்லார் என்ற செயற்கை இழையால் செய்தது 45 அளவில்தான். வாடகையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக் கெவ்லார் எடுப்பதில் தவறில்லை.

நம்மவர்களுக்கென்றே ஒரு விஷயம்: ரின் மீன். பூங்காவின் உள்ளே இருக்கும் ஏரிகளுக்கு உணவு, பானம் அடைத்த ரின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை. கட்டைச் சம்பலைப் போத்தலில் இருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சோற்றுக்கு மீன் வேண்டுமென்றால் ஏரியைத்தான் கேட்க வேண்டும். கருவாடு எடுத்துப் போகிறவர்கள் கரடியை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் பருவம் அது. உணவு மட்டுமல்ல, பற்பசையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டு, நிலத்தில் இருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்தில் இருந்து 2 மீற்றராவது தள்ளித் தொங்கவிட வேண்டும். மரம் தேடுவதும் கயிறு எறிவதும் வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டிய வேலை. இருட்டில் கயிறு கிளையில் சிக்கினால் எடுக்கவே முடியாது.

வீட்டுக் காரேஜில் கொத்துரொட்டி போடப் பாவிக்கும் நீள ரின் பியூட்டேன் அடுப்பும் அங்கே கைவிடும். பியூட்டேன் 0 பாகைக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கிறது. உறைபனி விழுந்த காலையில் ரின்னுக்குள் வாயு கிளம்பாது, சுடர் மெழுகுதிரி அளவுக்கு இறங்கிவிடும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த சிறு உருளை வாங்குங்கள். இரவில் அதை ஸ்லீப்பிங் பாக்குக்குள் வைத்துப் படுத்தால் காலைத் தேநீர் தாமதமாகாது. பருத்தி ஜீன்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள், நனைந்தால் அடுத்த நாளும் காயாது.

உள்ளே பெரும்பாலான இடங்களில் தொலைபேசி எடுக்காது. எந்த இரவு எந்த ஏரி, எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் பூங்காவுக்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இருவர் போகும் கனூவில் மூன்று துடுப்பு இருக்க வேண்டும். வாடகைக் கடையில் இரண்டைத்தான் நீட்டினால், மூன்றாவதையும் கேட்டு வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் செருகி வையுங்கள்.

இப்படிக்கு,
கனூ ஓட்டும் வாசகர்,
ஸ்காபரோ.