சாடில்டோம் இடிபடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் கால்கரி நகரிலுள்ள சாடில்டோம் அரங்கு பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அது காலாவதியான கட்டடம், போகட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பிளேம்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களை அங்கே பார்த்து வருகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அரங்குக்கு வயதாகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. 1983 அக்டோபரில் திறக்கப்பட்ட அது, இன்று வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அரங்குகளில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு அடுத்தபடி பழையது. இடைவேளையில் அதன் குறுகிய நடைபாதைகளில் தோளோடு தோள் உரசி நகர்ந்து, ஒரு காபி வாங்கித் திரும்புவதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிடும். நவீன இசை நிகழ்ச்சிகளுக்கான கனமான விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் தொங்கவிட அதன் கூரை இடங்கொடுப்பதில்லை.

ஆனால் அந்தக் கூரைதான் அரங்கின் உயிர். குதிரைச் சேணம்போல் இரு பக்கம் உயர்ந்து இரு பக்கம் தாழ்ந்து, கம்பிவடங்களின் மேல் கான்கிரீட் பலகைகளைத் தாங்கி நிற்கும் அதற்கு உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. அதனால்தான் மிக மலிவான கடைசி வரிசையில் அமர்ந்தாலும் பனித்தளம் முழுவதும் மறைப்பின்றிக் கண்ணுக்குக் கிடைக்கிறது. சென்ற பருவத்தில் நானும் என் மகளும் அப்படியொரு வரிசையில்தான் இருந்தோம். பக் எனப்படும் ரப்பர் வட்டு, தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதும் ஓசை, கண் அதைப் பார்த்த பிறகே எங்களை வந்தடைந்தது. பிளேம்ஸ் கோல் அடித்ததும் மேலிருந்து சீறிய தீப்பிழம்பின் வெப்பம் முகத்தில் பட, அவள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். நான் முதன்முதலாக அங்கே போன நாளில் எனக்கும் அதே வெப்பம்தான் பட்டது.

1988 குளிர்கால ஒலிம்பிக் ஹாக்கியை நடத்திய அரங்கு அது. 2013 ஜூன் வெள்ளத்தில் வீரர்களின் உடைமாற்றும் அறைகளும் கீழ்வரிசை இருக்கைகளும் மூழ்கின. அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே அங்கு மீண்டும் ஆட்டம் நடந்தது. ஆனால் சொந்த அணி, என்.எச்.எல். சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை உயர்த்தும் காட்சி மட்டும் அந்தப் பனித்தளத்துக்கு வாய்க்கவேயில்லை. 1986இல் மான்ட்ரியல் அணி அங்கே வென்று கோப்பையைத் தூக்கியது. 1989இல் பிளேம்ஸ் வென்றதோ மான்ட்ரியலில். 2004 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பக் கோல் கோட்டைத் தாண்டிவிட்டது என்று இன்றும் நாங்கள் நம்பும் மார்ட்டின் ஜெலினாவின் முயற்சி கோலாக அறிவிக்கப்படவில்லை. ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் கைநழுவியது. இத்தனைக்குப் பிறகும் சிவப்புச் சட்டையணிந்து அங்கே வந்து நிறைந்த மக்கள் கூட்டத்தை, தங்கள் கட்டுரை ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை.

அருகிலேயே புதிய அரங்கு எழும்பி வருகிறது. 2027இல் திறப்பதாகத் திட்டம். அதை நான் எதிர்க்கவில்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இடிப்பு வேலை தொடங்குமுன் சில நாட்களுக்கு அரங்கின் கதவுகளைக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். டிக்கெட் விலை எட்டாமல் தொலைக்காட்சியில் மட்டுமே ஆட்டம் பார்த்த குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். அவர்கள் படிகளில் ஏறி, அந்தச் சிவப்பு இருக்கைகளில் ஒருமுறை அமர்ந்து, அந்த வளைந்த கூரையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கட்டும். இக்கோரிக்கையை நகராட்சியின் காதுக்குக் கொண்டுசெல்லத் தங்கள் இதழ் முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கால்கரி