பதவி இல்லாமல் காணாமல் போன விமானிக்காக: அமெரிக்க காங்கிரசின் ஆயுதப்படைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

உங்கள் யாருடைய தொகுதியிலும் எனக்கு ஓட்டு கிடையாது. சென்னையில் உட்கார்ந்து பழைய விமானக் கதைகளைப் படிக்கிற ஆள் நான். ஆனாலும் இறந்துபோன ஒருவருக்குச் சட்டம் போட்டு ராணுவப் பதவி தருவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

1944 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸின் மைன்ஸ் ஃபீல்டிலிருந்து (இன்று அங்கேதான் உங்கள் பெரிய விமான நிலையம் இருக்கிறது) போர்க்காலத்தில் ராணுவ விமானங்களை ஓட்டிய பெண் விமானிகளின் அமைப்பான வாஸ்ப்பைச் சேர்ந்த கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ் சில்வர் ஒரு புது மஸ்டாங் போர் விமானத்தில் கிளம்பினார். நியூ ஜெர்சியில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டிய விமானம் அது. கிளம்பியவர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஆளைக் காணோம் என்பதே சில நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அதிகாரியாக இருந்திருந்தால் உடனே தேடியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் காகிதம் தவறிப்போவது எல்லோருக்கும் நடந்ததுதான். சாண்டா மோனிகா விரிகுடாவில் பல ஆண்டுகள் கழித்துத் தன்னார்வ முக்குளிப்பவர்கள் தேடியும் விமானம் கிடைக்கவில்லை.

என் குறை அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றியது. 1942-இல் நீங்கள் இயற்றிய காணாமல் போனோர் சட்டப்படி, படைவீரர் ஒருவர் காணாமல் போனால் அவர் கணக்கில் சம்பளம் தொடர்ந்து ஏறும். 12 மாதம் ஆனதும் அவர் நிலையை ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். காணாமல் போனவரையும் படை தன் ஆளாகவே வைத்திருந்தது என்றுதானே இதற்கு அர்த்தம்? வாஸ்ப் பெண்களோ படையின் ஆட்களே இல்லை, சிவில் ஊழியர்கள். 25,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, ஆயிரத்துச் சொச்சம் பேர் பயிற்சி முடித்து, 38 பேர் உயிரை விட்ட அமைப்பு அது. அவர்களின் சவப்பெட்டிக்குக் கொடி கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார்கள்.

இதே விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆண்களையும் முதலில் சிவில் ஊழியர்களாகத்தான் எடுத்தார்கள். அவர்களில் தகுதி பெற்றவர்களுக்கு 90 நாளில் அதிகாரிப் பதவி கிடைத்தது. பெண்களுக்கும் அதைத் தரச் சொன்ன மசோதாவை 1944 ஜூனில் உங்கள் கீழவை வெறும் 19 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த டிசம்பரில் அமைப்பையே கலைத்துவிட்டார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே விமானம் கொண்டுபோய்ச் சேர்த்த ஏடிஏ-வும் சிவில் அமைப்புதான். ஆனால் அதற்கென்று பதவி வரிசை இருந்தது, சீருடை இருந்தது. 1941 ஜனவரியில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்த ஏடிஏ விமானி ஏமி ஜான்சனின் உடல் கிடைக்கவே இல்லை. ஆனாலும் ரன்னிமீட் நினைவகத்தில், கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப் படையினரோடு அவர் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்.

நீங்களும் ஒன்றும் செய்யாமல் இல்லை. 1977-இல் வாஸ்ப் பெண்களுக்கு முன்னாள் படையினர் என்ற தகுதி கொடுத்தீர்கள். 2009-இல் தங்கப் பதக்கத்துக்குச் சட்டம் போட்டீர்கள். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அவர்களுக்கு இடம் இல்லை என்று 2015-இல் ராணுவம் கதவை அடைத்தபோது, அடுத்த ஆண்டே சட்டம் போட்டுத் திறந்துவிட்டீர்கள். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்களோ அவர்கள் குடும்பத்தாரோ வந்து கேட்ட பிறகுதானே கொடுத்தீர்கள்? அதுவும் இந்தப் பட்டியலில் 1944-இல் மறுத்த பதவி மட்டும் இல்லை.

இனிமேல் பதவி கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். சரி, ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவர் இறந்து 177 ஆண்டு கழித்து, 1976-இல், பதவி உயர்வு கொடுத்தது இதே காங்கிரஸ்தான். அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லையே!

ஒரு பக்கச் சட்டம் போதும். பணியில் இறந்த 38 பேருக்கும் அவரவர் இறந்த நாளிலிருந்து செகண்ட் லெப்டினன்ட் பதவி கொடுங்கள். இறந்த நாள் தெரியாத டாம்ப்கின்ஸுக்கு 1944 அக்டோபர் 26 என்று போடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகர்