பூன் ஹில் கூட்டிட்டுப் போற குரூப் அட்மின்களே, போஸ்டர்ல இருக்குற அந்த ஜீப் லைனைக் கொஞ்சம் எடுத்துருங்க

சென்னை, கோவை, பெங்களூர்ல இருந்து நேபாளுக்கு ஆள் சேத்து ட்ரெக் கூட்டிட்டுப் போற அட்மின் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை லீவுக்கான உங்க போஸ்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சாச்சு. குரூப் பேர்தான் வேற வேற, உள்ள இருக்குற பிளான் ஒரே அச்சு. பொக்காராவுல காலைல கிளம்பி ஜீப்ல நேரா உல்லேரிங்கற மலை ஊர், அங்க இருந்து நடந்து இன்னும் மேல இருக்குற கோரேபானி, மறுநாள் விடிகாலைல பூன் ஹில்ங்கற வியூ பாயிண்ட்ல சன்ரைஸ், போட்டோ, இறங்குன கையோட அதே வழியில உல்லேரி, திரும்ப ஜீப், ராத்திரிக்கு பொக்காரா லேக்சைடுல டின்னர். இதுக்குக் கீழ கொட்டை எழுத்துல 'ஹிமாலயன் வில்லேஜ் ட்ரெக்'னு வேற போட்டுக்குறீங்க. இதுல வில்லேஜ் எங்க இருக்கு சொல்லுங்க பாப்போம். ஜீப் கண்ணாடி வழியா ஓடுற வீடெல்லாம் கணக்குல சேக்கக் கூடாது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பிளானை உல்லேரிக்குக் கீழ ஆத்தோரமா இருக்குற பிரேதாண்டில இருந்து நடக்குற மாதிரி மாத்துங்க, முடிக்குறதை காந்த்ருக்ங்கற ஊர்ல முடிங்க. மிச்சம் எழுதுறதெல்லாம் ஏன் அப்படின்றதுக்குத்தான்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், இல்லன்னா 'ரோடு போட்டதே தப்பு'ன்னு நான் சொல்றேன்னு யாராவது கிளம்பிடுவாங்க. ரோடு அந்த ஊர்க்காரங்க கேட்டு வாங்குனது. வயித்துவலியில துடிக்குற புள்ளையை மூங்கில் கூடையில உக்கார வச்சு நெத்திப் பட்டையில தூக்கிக்கிட்டு அத்தனை படி இறங்குனவங்க அவங்க, ஜீப் வந்தது அவங்களுக்கு வாழ்வு. வருஷத்துல ஒரு வாரம் எட்டிப் பாக்குற நமக்கு அதைக் குறை சொல்ல ஒரு யோக்கியதையும் கிடையாது. ஆனா சும்மா ஊர் சுத்திப் பாக்க, நல்ல காலும் லீவும் இருக்குற நாம, எங்க நடக்குறோம் எங்க சாப்பிடுறோம்னு முடிவு பண்றது நம்ம கையிலதானே இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நயாபுல்ல பஸ் இறங்கி கொஞ்ச தூரத்துல பிரேதாண்டி, ஆயிரம் மீட்டர் சொச்சம் உயரம், மோதி ஆத்தோட புருங்டி ஆறு வந்து கலக்குற இடம், பெர்மிட் செக் போஸ்ட்டும் அங்கதான். அங்க இருந்து ஆத்தோரமா ஹிலே, திக்கேதுங்கா. திக்கேதுங்கா தாண்டி ஒரு தொங்கு பாலம், அது முடிஞ்சதும் ஆரம்பிக்குது உல்லேரி படிக்கட்டு. 3,200க்கு மேல கல்படின்னு அங்க எல்லாரும் சொல்வாங்க, எண்ணிப் பாத்து மறுத்துப் பேசுறதுக்கு அந்த நேரத்துல யாருக்கும் மூச்சு இருக்காது. இந்த ஊர்கள்ல இருக்குற லாட்ஜ் எல்லாம் ஒரு காலத்துல சாயங்காலம் நாலு மணிக்கு மேல ரூம் கிடைக்காத இடங்கள். இப்ப ஜீப் ஹாரன் அடிச்சுக்கிட்டு தலைக்கு மேல ரோட்டுல போகுது, கீழ மெனு போர்டை வெயில்ல வெளுக்க விட்டுட்டு வீட்டம்மா வாசல்ல உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டு இருக்காங்க.

இது புதுசும் இல்ல. கோரேபானி ஏதோ டூரிஸ்ட்டுக்காக முளைச்ச ஊர் கிடையாது, அது பழைய வியாபாரப் பாதை. திபெத் உப்பு கீழ வர்றதும் அரிசி மேல போறதும் காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாத்தான், அங்க இருந்து பொக்காராவுக்குக் கோவேறு கழுதைங்க ஏறி இறங்குன மேடு இது. முக்திநாத்துக்கு ரோடு இல்லாத காலத்துல பொக்காராவுல இருந்து நடந்து போனவங்களும் இந்த வழியாத்தான் ஏறி, தாத்தோபானி இறங்கி, ஜோம்சோம் போனாங்க. நம்ம ஆளுங்க சாளக்கிராமம்னு 108 திவ்ய தேசத்துல ஒண்ணா கும்பிடுற, திருமங்கையாழ்வார் பாடுன அதே முக்திநாத்தான். 2000களோட கடைசியில பேனியில இருந்து ஜோம்சோமுக்கு வண்டி ஓட ஆரம்பிச்சதும் என்னாச்சு? நடந்து போறவங்களை நம்பியிருந்த லாட்ஜ்காரங்க நெறைய பேரு பஸ் தூசியை வேடிக்கை பாத்துட்டு உக்காரும்படி ஆச்சு. வண்டி நிக்குற ஊர் பொழைச்சுது, நிக்காத ஊர் ஓய்ஞ்சுது. அதேதான் இப்ப உல்லேரிக்குக் கீழ நடந்துகிட்டு இருக்கு, அதுல நம்ம போஸ்டருக்கும் பங்கு இருக்கு.

சரி, ஊரை விடுங்க, உங்க கஸ்டமர் பக்கம் இருந்தே பேசுவோம்.

ஒரே ஒரு விடியல்தான் உங்க பிளான்ல இருக்கு. மேகம் மூடிடுச்சுன்னா முடிஞ்சுது கதை. ராத்திரி நாலு மணிக்கு எழுந்து, ஹெட்லைட்டு மாட்டிக்கிட்டு, கோரேபானியில இருந்து கிட்டத்தட்ட 350 மீட்டர் ஏறி, பாதி வழியில டிக்கெட் வாங்கி, மேல 3,210 மீட்டர்ல வெள்ளை வெளேர்னு பஞ்சுக்குள்ள நின்னுட்டு இறங்குனா சனம் மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்தக் கடுப்பு பூராவும் உங்க தலையிலதான் விடியும். பிளான்ல ஒரு நாள் கூட இருந்தா மறுநாள் இன்னொரு தடவை ஏறலாம். அப்படி இல்லாம காந்த்ருக் போற வழியில இருக்குற தாடாபானி பக்கம் நடந்தீங்கன்னா, கோரேபானிக்குக் கிழக்கால ஏறுற மேடு முழுக்க வியூ பாயிண்ட்தான், தேவ்ராலி வர்றதுக்கு முன்னாடி குருங் ஹில்னு ஒரு வெட்டவெளி, வானம் தெளிஞ்சிருந்தா தவளகிரி 8,167 மீட்டரும் பூன் ஹில்ல தெரியுற மாதிரியே தெரியும், அன்னபூர்ணா சவுத்தும் தெரியும், பக்கத்துல செல்ஃபி ஸ்டிக் இருக்காது. பூன் ஹில்ல கண்ட ஆயிரம் தலைக்கு நடுவுல முண்டியடிச்சு எடுத்த போட்டோவை விட இங்க நின்னு நிதானமா எடுத்தது நல்லாவே வரும். பூன் ஹில் முடிச்ச கையோட திரும்புறவங்களுக்கு இது இருக்குன்னே தெரியாது.

தாடாபானியில இருந்து பாத்தா மச்சபுச்சிரே சிகரம் கிட்டக்க வந்து நிக்கும், 6,993 மீட்டர், ஏற அனுமதி கிடையாது. அங்க இருந்து காடு வழியா இறங்குனா காந்த்ருக். குருங் ஜனங்க ஊரு, கல் பாவுன சந்து, பலகைக் கல் வேய்ஞ்ச கூரை, முற்றத்துல மக்காச்சோளக் கதிரைக் கட்டித் தொங்கவிட்டு இருப்பாங்க, நெறைய வீட்டுல ஒருத்தர் கூர்க்கா பட்டாளத்துல இருந்தவரோ இருக்குறவரோ இருப்பாரு. அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் 1986ல சோதனையா ஆரம்பிச்சதே இந்த ஊர்லதான். ஜனங்களைக் காட்டை விட்டு வெளியேத்தாம, அவங்க கமிட்டி போட்டு அவங்களே பாத்துக்குற மாதிரி ஏற்பாடு. இன்னைக்கு 7,629 சதுர கிலோமீட்டர், நேபாள்லயே பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதி. நாம கட்டுற பெர்மிட் காசு, சார்க் நாட்டுக்காரங்களுக்கு 1,000 நேபாள ரூபா, நம்ம காசுல 625, அந்தத் திட்டத்துக்குத்தான் போகுது. அதைக் கட்டிட்டு காந்த்ருக்கைக் கண்ணால பாக்காமலே திரும்புறது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல.

இனிமே சொல்லப் போறது சாப்பாட்டு விஷயம், இதுலதான் எனக்கு நிஜமாவே கோவம். சில குரூப்ல ரெடிமேட் புளியோதரை மிக்ஸ், கப் நூடுல்ஸ், பருப்புப் பொடி எல்லாம் மூட்டை கட்டிட்டு வந்து, லாட்ஜ் அடுப்பங்கரையில சுடுதண்ணி மட்டும் வாங்கி டைனிங் ஹால்ல உக்காந்து சாப்பிடுறாங்க. அங்க ரூம் வாடகை ஏன் அவ்வளவு கம்மின்னு யோசிச்சீங்களா? ராத்திரியும் காலையும் அங்கேயே சாப்பிடுவீங்கன்ற நம்பிக்கையிலதான் அந்த ரேட்டு. அவங்க சம்பாத்தியம் சாப்பாட்டுலதான், ரூம்ல இல்ல. மெனு விலையும் அவங்க இஷ்டத்துக்குப் போடுறது இல்ல, அந்தந்தப் பக்கத்து லாட்ஜ் கமிட்டி முடிவு பண்றது, மேல போகப்போக ஏறும், ஏன்னா கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ரோடு முடிஞ்ச இடத்துல இருந்து கழுதை முதுகுலதான் வருது. அதனால 'அண்ணா கொஞ்சம் கம்மி பண்ணுங்க'ன்னு தால் பாத்துக்கு, அதான் அவங்க பருப்புச் சோறு, பேரம் பேசுறதை விட்டுருங்க. அன்லிமிட்டடா போடுற சோறு அது, அக்கா கரண்டியோட வந்து நிப்பாங்க, நாம போதும்னு கையை நீட்டி மறைச்சாத்தான் நிறுத்துவாங்க. மெனுவுல டிண்டோ இருந்தா ஒரு தடவை கேட்டுப் பாருங்க, கேழ்வரகு மாவுல கிண்டுறது, கூட குந்த்ருக்னு புளிக்க வச்சு காயவச்ச கீரைல ஒரு சூப்பு, நம்ம சேலம் தருமபுரி ஆளுங்களுக்கு இதைச் சாப்பிட யாரும் சொல்லித் தர வேண்டாம். வெங்காயம் பூண்டு சேத்துக்காதவங்க இருந்தா முதல் நாளே கைடு கிட்ட சொல்லிட்டா தனியா செஞ்சு குடுப்பாங்க, அதுக்காகப் பொடி டப்பா தூக்க வேண்டியதே இல்ல.

கோரேபானி டைனிங் ஹால் நடுவுல பெரிய இரும்பு டிரம் அடுப்பு ஒண்ணு எரியும், அதைச் சுத்திக் கம்பி கட்டி எல்லார் ஈர சாக்ஸும் தொங்கும், ஆஸ்திரேலியாக்காரன் சாக்ஸும் நம்ம ஆள் சாக்ஸும் சேந்து ஆவி பறக்கும், அந்த நாத்தத்துக்கு நடுவுலதான் ஊர் உலகக் கதையெல்லாம் நடக்கும். அந்த ஹால்ல ப்ளூடூத் ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போடுறதும், அதையே விடியக்காலைல பூன் ஹில் உச்சிக்குத் தூக்கிட்டுப் போறதும் தயவு செஞ்சு வேண்டாம். போஸ்டர்லயே 'ஸ்பீக்கருக்கு அனுமதி இல்ல'ன்னு ஒரு வரி சேத்துருங்க, டிரோனும் அப்படித்தான், பெர்மிஷன் இல்லாம பறக்க விட்டா மாட்டுறது நீங்கதான்.

இன்னொண்ணு, நெறைய பேர் யோசிக்காதது. நம்ம ஆயுத பூஜை லீவு வர்ற அதே நாள்லதான் அங்க தசைன், அவங்களுக்கு அதுதான் வருஷத்துக்கே பெரிய பண்டிகை. விஜயதசமி அன்னைக்குப் பெரியவங்க கையால நெத்தியில டீகா வாங்குறதுக்கு காட்மாண்டு, பொக்காராவுல வேலை பாக்குற ஜனமெல்லாம் ஊருக்குக் கிளம்பும், பஸ்ல நிக்க இடம் இருக்காது. நீங்க கூப்பிட்டா கைடும் போர்ட்டரும் காசுக்காக வருவாங்க, முடியாதுன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. லீவை ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போட்டா வானமும் இன்னும் தெளிஞ்சிருக்கும், அவங்களும் டீகா வாங்கிட்டு வந்திருப்பாங்க. தள்ள முடியலன்னா பண்டிகை போனஸ்னு தனியா ஒரு தொகை எடுத்து வைங்க, டிப்ஸ் கணக்குல இதைச் சேக்காதீங்க. போர்ட்டர் விஷயமும் சொல்லிடுறேன், ஒருத்தருக்கு 20, 25 கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது. மூணு பேர் டிராலி பேக்கை ஒண்ணா கட்டி ஒருத்தர் நெத்தியில மாட்டிவிட்டுட்டு பின்னாடி தண்ணி பாட்டிலோட மட்டும் நடக்குற குரூப்பைப் பாத்தா நம்ம ஊர்க்காரன்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு. 2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்காரங்க கைடு இல்லாம இந்த மாதிரி ரூட்டுல போகக் கூடாதுன்னு நேபாள் டூரிசம் போர்டு ரூல் போட்டிருக்கு, அதனால கைடு எப்படியும் எடுப்பீங்க. எடுக்குறதுதான் எடுக்குறீங்க, அந்தப் பக்கத்து ஊர்க்காரரா பாத்து எடுங்க.

உங்க பதில் என்னன்னு தெரியும். லீவு இல்ல, முட்டி தாங்காது, ரெண்டு நாள் பேக்கேஜ்தான் விக்குது. லீவு விஷயத்துல, பிரேதாண்டியில ஆரம்பிச்சு முதல் ராத்திரி திக்கேதுங்கா, ரெண்டாவது கோரேபானி, மூணாவது தாடாபானி, நாலாவது காந்த்ருக், அடுத்த நாள் கிம்சே இறங்கி வண்டி பிடிச்சா மதியத்துக்கு பொக்காரா, மொத்தம் அஞ்சு நாள். காந்த்ருக்ல தங்காம அன்னைக்கே இறங்கிட்டா நாலு நாள்ல கூட முடியும். ரப்திசாகர் எக்ஸ்பிரஸ்ல கோரக்பூர், அங்க இருந்து சோனௌலி பார்டர், அப்புறம் ராத்திரி பஸ்ல பொக்காரான்னு அத்தனை தூரம் இடுப்பொடிய வர்ற ஜனத்தை, ரெண்டு மூணு நாள் மிச்சம் பிடிக்குறேன்னு மலையில இருந்து விரட்டுறதுல என்ன லாபம்? முட்டி வலி இருக்குறவங்களுக்கு ஜீப் தாராளமா வைங்க, அவங்க ரெண்டாவது நாள் உல்லேரியில வந்து குரூப்போட சேந்துக்கட்டும். நடக்க முடிஞ்ச இருபது வயசுப் பசங்களையும் சேத்து அதே ஜீப்ல திணிக்குறதைத்தான் வேண்டாம்னு சொல்றேன். கடல் மட்டத்துல இருந்து வர்ற சென்னைக்காரங்களுக்கு முதல் நாள் கீழயே நடந்தா உடம்பும் பழகும், ஜீப்ல சர்ருனு ஏறிட்டு மறுநாள் தலைவலின்னு படுத்துக்குற ஆளுங்களை நீங்களும் பாத்திருப்பீங்க.

பூன் ஹில் கூட்டமே வேண்டாம், புதுசா ஏதாவது போடணும்னு யோசிக்குற அட்மின் இருந்தா, பக்கத்துலயே மொஹரே தாண்டான்னு ஒரு மலை முகடு இருக்கு. உயரம் கிட்டத்தட்ட 3,300 மீட்டர், அதே தவளகிரி, அதே அன்னபூர்ணா. அங்க இருக்குறது ஊர்ப் பொது லாட்ஜ், வர்ற காசு ஊர்ப் பள்ளிக்கூடம் மாதிரி பொதுக் காரியத்துக்குப் போற ஏற்பாடு. இதுக்குப் பின்னாடி இருக்குறவரு நாங்கி கிராமத்துக்காரர் மகாவீர் புன், மலை ஊர்களுக்கு ஒயர்லெஸ் இன்டர்நெட் கொண்டு போனதுக்கு 2007ல மகசேசே விருது வாங்குனவரு. பத்து பதினஞ்சு பேர் குரூப்புக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிட்டுப் போறது நல்லது, அங்க படுக்கை கம்மி.

போஸ்டரை மாத்துறது ஒரு ராத்திரி வேலை. இன்னும் அட்வான்ஸ் வாங்கலன்னா இப்பவே மாத்திருங்க. வாங்கிட்டீங்கன்னா, உங்க குரூப்புலயே ரெண்டு பிளானையும் போட்டு ஒரு போல் வைங்க, ஜீப் பிளானோட ரேட்டையும் நடக்குற பிளானோட ரேட்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ஜீப் வாடகையே கணிசமா மிச்சமாகும், ரெண்டு மூணு ராத்திரி சாப்பாட்டுச் செலவு கூடுனாலும் வித்தியாசம் பெருசா வராது. ரிசல்ட் என்ன வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.