ஊசிப் பேனையோடு ஊருக்கு வரும் சொந்தங்களுக்கு

அன்புள்ள கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் உறவுகளுக்கு,

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நீங்கள் வந்து இறங்கினால் அது எங்கள் பாமசிக்கும் தெரிந்துவிடும். வந்த கையோடு நுளம்புக் கடிக்குப் பூச்சு கேட்பீர்கள், வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கேட்பீர்கள். இப்போது இன்னொன்றும் கேட்கிறீர்கள்: "தங்கச்சி, இந்தப் பேனைக்குப் பூட்டுகிற ஊசி இருக்கோ?"

சீனி வருத்தத்துக்கும் எடை குறையவும் கிழமைக்கு ஒருமுறை போடுகிற செமாகுளுடைட் என்ற மருந்து நிரப்பிய அந்த ஊசிப் பேனையைப் பற்றித்தான் இந்த மடல். சொக்லேற்றும் கோடாலித் தைலமும் போல அதையும் பெட்டிக்குள் கொண்டுவந்து, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

போன வருடம் ஒரு மகள் வந்தார். கையில் ஒரு காலுறை. அதற்குள் சுற்றியபடி பாதி முடிந்த செமாகுளுடைட் பேனை. வெளிநாட்டுச் சித்தி தான் போட்டதுபோக மிச்சத்தை, "அக்கா, இதைப் போட்டால் சீனியும் இறங்கும், வயிறும் இறங்கும்" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சித்தி போடுவது ஒரு மில்லிகிராம். அது அவர் மாதக்கணக்கில் படிப்படியாக ஏறி வந்த அளவு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 0.25 தான், அதுவும் நாலு கிழமைக்கு. அம்மா நேரே ஒன்றில் தொடங்கிவிட்டார். மூன்று நாள் ஓங்காளமும் சத்தியும். சோறு இறங்கவில்லை. ஆனால் "கிளினிக் மருந்தை விடக்கூடாது" என்று சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். நாலாம் நாள் விடியப்புறம் உடம்பெல்லாம் வேர்த்துக் கதை குழறிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி வெறும் 46 mg/dL, ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. சீனித் தண்ணீர் பருக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடித் தப்ப வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மகள் கேட்டார்: "மிச்சத்தை இனிப் போடலாமோ?"

நான் இந்த மருந்துக்கு எதிரி இல்லை. சாப்பாடு உள்ளே போனதும் எங்கள் குடலே சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனின் சாயல் இது. அமினோ அமிலங்களை மாலைபோலக் கோத்த சிறு பெப்டைட். சீனி ஏறும்போது இன்சுலினைச் சுரக்கச் சொல்லும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். சிக்கல் என்னவென்றால், உடம்பில் சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். அதைவிடக் கூட நேரம் நிற்கிற ஒன்றை 1992இல் ஜோன் எங் என்ற அமெரிக்க ஆய்வாளர் கீலா மொன்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் நஞ்சில் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்செனடைட் என்ற மருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல்லி தலையில் விழுந்தால் பலன் பார்க்கிற ஆட்கள் நாங்கள், இந்தப் பலனை எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை!

செமாகுளுடைட் மனித ஹோர்மோனையே திருத்திச் செய்தது. ஒரு கொழுப்பமில வாலை ஒட்டிவிட்டதால் அது இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிழமைக்கு ஒரு ஊசி போதும் என்பதற்குக் காரணம் அதுதான். அந்த அம்மா பட்ட பாட்டுக்குக் காரணமும் அதுதான். கூடப் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை; ஒரு கிழமை கழித்தும் பாதி உள்ளே நிற்கும்.

அப்புறம் வெக்கை. திறக்காத பேனை 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. உறைந்து இளகியதை எறியத்தான் வேண்டும். கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் என் அம்மம்மா இன்சுலின் குப்பியை ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் வைத்துக் காத்தார். இன்சுலினும் பெப்டைட் ஹோர்மோன்தான், சூடு பட்டால் கெடும். நீங்கள் பேனையை வானின் டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டுக் கீரிமலையில் குளிக்கிறீர்கள்.

ஒருவர் போட்ட பேனையை, ஊசியை மாற்றினாலும், இன்னொருவர் போடக்கூடாது. இரத்தம் உள்ளே ஏறியிருக்கலாம். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்றால் இன்னும் பயம். போலி செமாகுளுடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024இல் எச்சரித்தது.

சரி, எல்லாம் சரியாக இருந்தாலும் பெட்டியில் வந்தது இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு? பெரிய ஆய்வொன்றில் 68 கிழமை போட்டவர்களுக்குச் சராசரியாக 15 வீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. தொடர்ந்து கிடைக்க வழி இல்லாமல் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

உதவ வேண்டும் என்றால் இங்கே நிற்கிற நாட்களில் ஒரு காலையை ஒதுக்கி அம்மாவோடு கிளினிக் வரிசையில் போய் இருங்கள். கண், சிறுநீரகம், முன்பு கணையத்தில் அழற்சி வந்ததா, பித்தப்பையில் கல் உண்டா என்று பார்த்து டொக்டர் சொல்லட்டும். அவர் ஓம் என்றால், மாதாமாதம் இங்கேயே வாங்கக் காசு அனுப்புங்கள். வேண்டாம் என்றால், வீட்டில் சீனி பார்க்கிற என்ன மீற்றர் இருக்கிறது என்று கேட்டு அதற்குரிய ஸ்ட்ரிப்பும், காலைக் கடிக்காத மெத்தென்ற செருப்பு ஒரு சோடியும் கொண்டு வாருங்கள்.

பேனை ஊசி எங்களிடம் இருக்கிறது. கேட்டு வரும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத்தான் தருவேன். முகத்தைச் சுளிக்கக் கூடாது.

இப்படிக்கு,
பாமசியில் நிற்கும் தங்கச்சி,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.