என் தந்தையின் பெயர் வேறுபாட்டிற்கு ‘இருவரும் ஒருவரே’ எனச் சான்று வழங்கக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: வீர் சக்ரா விருது பெற்ற என் தந்தை (மறைவு) – பெயர் வேறுபாடு – சான்று கோருதல் – மூன்றாவது மனு.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் நேரில் அளித்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஐப்பசியில் வெண்ணாற்றுக் கரை உடைப்பைப் பார்வையிடத் தாங்கள் வந்து நின்ற மதகுக்கு மேற்கே, நான்காவது வீடு எங்களுடையது.

1. என் தந்தை இந்திய விமானப்படையில் கான்பெரா குண்டுவீச்சு விமானத்தின் விமானி. 1961இல் ஐ.நா. படைக்குத் துணையாகக் காங்கோ சென்ற 6 கான்பெரா விமானங்களுள் ஒன்றை ஓட்டியவர். 1965 செப்டம்பரில் இந்திய–பாகிஸ்தான் போரின்போது, இரவு நேரத்தில் பாகிஸ்தானின் சர்கோதா விமானதளம் வரை சென்று குண்டுவீசித் திரும்பினார். அந்தப் போருக்காகவே அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1971 டிசம்பர் போரிலும் பறந்தார். ஓய்வு பெற்றபின் ஊருக்கு வந்து, கடைசி வரை எட்டு மா நிலத்தில் சம்பா சாகுபடி செய்தார்.

2. படையில் தகப்பனார் பெயரையும் சேர்த்து முழுப்பெயராக எழுதிக்கொண்டார்கள். இங்கே பட்டா, குடும்ப அட்டை, இறப்புச் சான்று மூன்றிலும் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே உள்ளன. இந்த ஒரு வேறுபாட்டால், விருதுக்குரிய படித்தொகை என் தாயாருக்கு மூன்று ஆண்டுகளாக வரவில்லை.

3. சான்று வழங்க விருதுக் கடிதத்தின் அசலைக் கேட்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் ஓடுகள் பறந்து, மழைநீர் இறங்கிய டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதம் கூழாகிவிட்டது. மிஞ்சியவை பதக்கமும் பறப்புப் பதிவேடும்தான். இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதியிருந்ததால் பக்கங்களில் சாயம் ஊறியிருக்கிறது. ஆனாலும் தேதிகளும் ஒவ்வொரு மாதக் கடைசியில் அவர் இட்ட கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. கடைசி எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்து அடிக்கோடாக்கும் அதே கையெழுத்து, கூட்டுறவுச் சங்கத்தில் அவர் கொடுத்த பயிர்க்கடன் விண்ணப்பத்திலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இதுவரை யாரும் பார்க்கவில்லை.

4. என் தாயாருக்கு வயது 84. இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறது. அவரை நேரில் அழைத்து வரச் சொல்லி இதுவரை ஐந்து முறை அலைக்கழித்துவிட்டார்கள். காலை முதல் பேருந்தில் ஏற்றி, நடத்துநர் கைகொடுத்து இறக்கிவிட, படியேறி வந்தால் அலுவலர் ‘கேம்ப்’ போயிருப்பார். சென்ற முறை இரண்டரை மணி நேரம் காத்திருந்தபின், மஞ்சள் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதி கருநீலமும் பாதி காவியுமான அதன் நாடா ஓரம் நைந்திருக்கிறது. “இதையெல்லாம் கடையிலேயே வாங்கலாமே, பாட்டி” என்றார் அங்கிருந்த ஊழியர். ஐயா, 1965இல் விளக்கணைத்த படைக் குடியிருப்பில் கைக்குழந்தையாக இருந்த என்னை மடியில் வைத்துக்கொண்டு, புறப்பட்ட விமானங்களைச் சத்தத்தால் எண்ணி, விடியுமுன் திரும்பியவற்றையும் எண்ணியவர் அவர். அவரிடமா அவருடைய கணவர் யார் என்பதற்குச் சாட்சி கேட்பது? அன்று வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பதக்கத்தை எடுத்துக்கொண்டு இனி எங்கும் வரமாட்டேன் என்று மறுநாள் சொல்லிவிட்டார்.

5. எனவே அவரை இனி அழைக்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கட்டும். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

6. சான்று வேண்டும், ஐயா. இருவரும் ஒருவரே என்ற அந்த ஒரு வரிச் சான்றை என் தாயார் உயிரோடு இருக்கும்போதே வழங்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டையும் கடன் விண்ணப்பத்தின் நகலையும், எந்த நாளில் சொன்னாலும் அந்த நாளில் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் (மகள்)